மாஞ்சோலையை எழுதியது யார்?

யூடியூபில் "மாஞ்சோலை" என்று தேடிப் பாருங்கள். மணிமுத்தாறு அருவி, வளைந்து ஏறும் மலைப்பாதை, பனிமூட்டம், பச்சைத் தேயிலை, "நெல்லையின் ஊட்டி" என்று வீடியோக்கள் வரிசையாக வந்து விழும். அதோடு "ஜூலை 23" என்று சேர்த்துத் தேடினால் வருவது வேறு. அதில் மலையே கிடையாது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ், தாமிரபரணி ஆறு, லத்தி, தண்ணீருக்குள் ஓடும் ஜனங்கள்.

ஊர் ஒன்றுதான். அதில் எது நம் மனசில் நிற்கிறது என்பது, அதை யார் எந்த வடிவத்தில் பதிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. கொஞ்ச நாளாக இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் வேலை முடிந்து ராத்திரியில் படித்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். தோட்டத் தொழிலாளிகளைப் பற்றித் தமிழில் எழுதியவர்களில் நெல்லைச் சீமைக்காரர்கள் முக்கியமானவர்கள். எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களுக்காகப் பாடினார். ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராக நாடு முழுக்கக் குரல் எழுந்த காலம் அது. 1917ல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஒரு பாட்டால் அது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கண்காணாத தீவில் நடப்பதை நம் வீட்டுப் பிரச்சினையாக உணரவைத்ததில் அந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு.

அடுத்து புதுமைப்பித்தன். 1935ல் மணிக்கொடியில் வந்த "துன்பக்கேணி" கதையில், நெல்லைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மருதி என்ற பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். பஞ்சம், கடன், சாதிக் கொடுமை எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தை எப்படிக் கப்பலேற்றுகின்றன என்று அந்தக் கதையைப் படித்தால் புரிந்துவிடும்.

மூன்றாவது, பி.எச்.டேனியல். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்து, பிறகு தொழிற்சங்கம் கட்டியவர். 1969ல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய "ரெட் டீ" நாவலில் மலையேறும் ஜோடியும் நெல்லைப் பக்கத்து ஆட்கள்தான். இரா.முருகவேள் அதை "எரியும் பனிக்காடு" என்று தமிழாக்கினார். அதை வைத்துத்தான் 2013ல் பாலாவின் "பரதேசி" வந்தது. நாவலில் தொழிலாளிக்காக நிற்கும் டாக்டர், படத்தில் மதம் மாற்ற வருபவராக ஆகிவிட்டார். நாவலைப் படித்தவர்களைவிடப் படம் பார்த்தவர்கள் பல மடங்கு அதிகம். ஆக, பெரும்பாலானவர்கள் மனசில் இருக்கப்போவது இரண்டாவது டாக்டர்தான்.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். பிஜி, இலங்கை, ஆனைமலை. எழுத்து ஒவ்வொரு தடவையும் ஊருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் நம்ம ஊர் மலைக்கு மட்டும் வரவில்லை.

"துன்பக்கேணி" வருவதற்கு ஆறு வருஷம் முன்னாடியே, 1929ல், சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் சுமார் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனிடம் கொடுத்துவிட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டக் குடியிருப்புகள் உருவானது அப்படித்தான். நெல்லைச் சீமையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. அந்த மலையில் பெய்யும் மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. இருந்தும், ஆற்றங்கரையில் வளர்ந்த நம் இலக்கியத்தில் பல காலம் மாஞ்சோலை ஒரு பெயராகக்கூடப் பெரிதாக அடிபடவில்லை.

இதற்காகப் புதுமைப்பித்தனைக் குறை சொல்ல வரவில்லை. இலங்கைக்குப் போனவர்களைப் பற்றிப் பத்திரிகையும் பேசியது, அரசியலும் பேசியது. பக்கத்து மலையோ கம்பெனியின் இடம், சுற்றிலும் காடு, நடுவில் செக்போஸ்ட். அங்கே நடப்பது கீழே தெரிய, அவர்களே இறங்கி வர வேண்டியிருந்தது.

1999ல் இறங்கி வந்தார்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடிக் கைதான 652 தொழிலாளர்களை விடுதலை செய்யக் கோரி, ஜூலை 23 அன்று புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமி உள்ளிட்டோர் தலைமையில் நெல்லையில் ஊர்வலம் நடந்தது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. அங்கே போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றில் இறங்கித் தப்ப முயன்றவர்களையும் விரட்டியது. ஒரு குழந்தையும் பெண்களும் உட்பட 17 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு இதைப் பற்றி வந்த பதிவுகளை வரிசைப்படுத்தியபோது, ஒவ்வொன்றும் வேறு ஒரு கேள்வியைக் கேட்பது தெரிந்தது.

நீதிபதி மோகன் ஆணையம் எடுத்துக்கொண்டது, "எப்படி இறந்தார்கள்?" என்ற கேள்வியை. பெரும்பாலானோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது, போலீஸ் நடவடிக்கையைத் தவறென்று சொல்லவில்லை. ஆர்.ஆர்.சீனிவாசனின் "நதியின் மரணம்" ஆவணப்படம் கேட்டது, "அவர்கள் ஏன் ஆற்றுக்குள் போனார்கள்?" என்று. எங்கள் தொழிலில் ஒரு புரோகிராம் விழுந்தால், எந்த வரியில் விழுந்தது என்பதோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை. அந்த வரிக்கு அதை எது கொண்டுபோனது என்று கண்டுபிடித்தால்தான் வேலை முடியும். அன்று எடுத்த காட்சிகள் கையில் இருந்ததால் இந்தக் கேள்வியை யாராலும் மூடி வைக்க முடியவில்லை.

மூன்றாவது கேள்வி, "உயிரோடு திரும்பியவர்கள்?" மாரி செல்வராஜ் தன் சிறுகதைத் தொகுப்புக்கு வைத்த பெயர் "தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்". ஆணைய அறிக்கையில் கொல்லப்படாதவர்கள் வெறும் சாட்சிகள். கதையிலோ, அந்த நாளைச் சுமந்துகொண்டு மிச்ச வாழ்க்கையை வாழ வேண்டியவர்கள்.

இதே ஆற்றின் பெயரில் 2007ல் ஹரி இயக்கத்தில் விஷால் நடித்த "தாமிரபரணி" வந்தது. சம்பவம் நடந்து ஏழரை வருஷம் ஆகியிருந்தது. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஊர் திருநெல்வேலி என்று சொன்னதும் கூட வேலை பார்த்தவர்களிடமிருந்து வந்தது இரண்டே வார்த்தைதான்: அல்வா, இல்லாவிட்டால் அரிவாள். அந்த அரிவாளைக் கொடுத்தது சினிமா. மாரி செல்வராஜின் "பரியேறும் பெருமாள்" 2018ல் வந்த பிறகு, அதே ஆட்களில் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி மாறியது. "உங்க ஊர் காலேஜில் நிஜமாவே இப்படித்தானா?" என்றார்கள். பதில் சொல்வது அல்வா மாதிரி சுலபமாக இல்லை. ஆனால் பேச்சு தொடங்கியது. படமோ கதையோ சாதியை ஒழித்துவிடாது, பேசாமல் நழுவுவதைக் கொஞ்சம் கஷ்டமாக்கும். என் அனுபவத்தில் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

இதெல்லாம் பழைய கதை என்று விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. குத்தகை 2028ல் முடிகிறது. 2024லேயே கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்து தோட்ட வேலையை நிறுத்தியது. அரசின் டான்டீ நிறுவனம் தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அது புலிகள் காப்பகப் பகுதி, காடு காடாகத் திரும்ப வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் செய்திகளில் இது "காடா, கூலியா?" என்று சுருங்கிவிட்டது. நாலு தலைமுறை வாழ்ந்த இடம் என்பது அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்காது.

லைன் வீடுகள் காலியாகி, தேயிலைக்கு மேல் காடு வளர்ந்துவிட்டால், அங்கே மனிதர்கள் வாழ்ந்ததற்குச் சாட்சி என்று மிஞ்சுவது எழுத்தும் படமும்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களே இப்போது எழுத ஆரம்பித்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் எழுதாதவர்கள்தான் அதிகம். கீழே இறங்கி வந்து அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை என்று பிரிந்து கிடக்கிறார்கள். அவர்களில் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். பழைய சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, லைன் வீட்டு வாசலில் எடுத்த போட்டோ எதுவாக இருந்தாலும், போனில் படமெடுத்துத் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். கொழுந்து பறித்த கதையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அடுத்த தலைமுறை மாஞ்சோலையைத் தேடும்போது பனிமூட்டத்தோடு அதுவும் கிடைக்கட்டும்.