கருப்புத் திரையில இருந்து டபுள் கிளிக் வரை: ஒரு ஐஸ்கிரீம் கணக்கு

வல்லம் வடகால் சிப்காட்ல பெண் தொழிலாளர்களுக்கான பெரிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. 18,720 பேர் தங்கலாம். அரசு டாக்டர் மண்டைக்குள்ள உடனே வர்ற கேள்வி: ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நூறு பேருக்கு வாந்தி பேதின்னா, எந்த அயிட்டம் காரணம்னு எப்படி கண்டுபிடிப்போம்?

கணக்கு பழசுதான். 1940 ஏப்ரல், நியூயார்க் மாநிலம் ஆஸ்வீகோ பகுதியில ஒரு தேவாலய விருந்து. விசாரிச்ச 75 பேர்ல 46 பேருக்கு உடம்பு சரியில்ல. வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேர்ல 43 பேர் படுத்துட்டாங்க. சாப்பிடாத 21 பேர்ல 3 பேர்தான். 80 சதவீதம் எங்கே, 14 சதவீதம் எங்கே!

ஆனா பரிமாறின ஒவ்வொண்ணுக்கும் இதே நாலு கட்டம் போடணும். காகிதத்துல போட்டா விடிஞ்சிரும். அதுக்குத்தான் 1985ல அமெரிக்காவோட சிடிசி, எபி இன்ஃபோங்கிற நிரலை வெளியிட்டுச்சு. இலவசம், யாரும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம். பழகிப் பார்க்க அதோட வந்ததே இந்த ஆஸ்வீகோ விருந்துத் தரவுதான்.

சிக்கல் வாசல்லதான். டாஸ் காலத்து நிரல். கருப்புத் திரையில சரியான ஃபோல்டருக்குப் போய் பேரை டைப் அடிக்கணும். ஒரு எழுத்து தப்பினா திறக்காது.

விண்டோஸ் வந்ததும் உள்ளே கை வைக்காம வாசலை மட்டும் மாத்த முடிஞ்சது. பிஃப்னு ஒரு குட்டி ஃபைல். எந்த ஃபோல்டர்ல ஓடணும், எவ்வளவு மெமரி, முழுத்திரையா ஜன்னலா, எல்லாம் அதுலயே இருக்கும். நீங்க ஐகானை ரெண்டு தட்டு தட்டினா போதும். அதுல 'முடிஞ்சதும் ஜன்னலை மூடு'ன்னு ஒரு டிக் உண்டு. விடையைக் காட்டிட்டு முடிஞ்சுபோற நிரல்னா, அந்த டிக்கால விடையும் ஜன்னலோட போயிடும். (பேட்ச் ஃபைல் எழுதுறவங்க கடைசி வரியில 'பாஸ்'னு போடுறது இதுக்குத்தான். நீங்க ஒரு கீயை அமுக்குற வரைக்கும் ஜன்னல் காத்திருக்கும்.)

அப்புறம் 64 பிட் விண்டோஸ் வந்து, அந்தப் பழைய 16 பிட் நிரல்களை ஓட்டவே மாட்டேன்னுடுச்சு. டாஸ்பாக்ஸ்னு ஒரு போலி டாஸுக்குள்ள வெச்சு, அதுக்கு ஒரு ஷார்ட்கட் போட்டுத்தான் ஓட்டணும்.

எபி இன்ஃபோ 7 ஜிப் ஃபைலாவே வந்துச்சு. விரிச்சு, 'லாஞ்ச்'னு இருக்கிறதை டபுள் கிளிக் பண்ணா திறந்துடும். இன்ஸ்டால் வேண்டாம், அட்மின் பாஸ்வேர்டு வேண்டாம். அரசு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வேலை பார்த்தவங்களுக்கு இதோட அருமை புரியும்!

ஒண்ணே ஒண்ணு. உங்க ஹாஸ்டல்ல இப்படி ஏதாவது நடந்து, உடம்பு நல்லா இருக்கிற உங்ககிட்டயும் சுகாதார ஆய்வாளர் வந்து "நேத்து என்னம்மா சாப்பிட்டே?"ன்னு கேட்டா சலிச்சுக்காம சொல்லுங்க. ஐஸ்கிரீமைத் தொடாத அந்த 21 பேர் வாயைத் திறக்கலேன்னா, அன்னிக்கு ஐஸ்கிரீம் மாட்டியிருக்காது.