கைதட்டாமல் நின்றவர்கள்

1

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் நூலகராக இருந்தவர் லயோனல் மேப்பிள்சன். இசைக்குறிப்புத் தாள்களைப் பத்திரப்படுத்தி, வேண்டும்போது எடுத்துக்கொடுக்கிற வேலை. 1900இல் அவர் எடிசனின் மெழுகு உருளைக் கருவி ஒன்றை வாங்கினார். மேடையின் முன்விளிம்பில், பாடகர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவர் உட்காரும் கூண்டுக்குள் அதை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய புனலோடு மேடைக்கு மேலே, திரை இழுப்பவர்கள் நடமாடும் பலகைப் பாலத்துக்கே கொண்டுபோய்விட்டார். ஒரு உருளையில் இரண்டு நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். 1903 வரை, கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே, இப்படித் துண்டு துண்டாகப் பதிந்தார்.

இப்போது அவற்றைக் கேட்டால் முதலில் காதில் விழுவது இரைச்சல். தகரக் கூரையில் மழை பெய்வது போல. அந்த மழைக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், ஒருவர் பாடுகிறார். ழான் த ரெஸ்கே அந்தக் காலத்தின் மாபெரும் ஓபரா பாடகர்களில் ஒருவர். அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இந்த உருளைகளில் மட்டும்தான்.

இதை 'நல்ல தரமான பதிவு' என்று எந்த சவுண்ட் இன்ஜினியரும் சொல்லமாட்டார். ஆனால் இதைவிடத் தரமானது வேறு எதுவும் இல்லை, ஏனென்றால் வேறு எதுவுமே இல்லை. ரசிகர்கள் செய்த நேரடிப் பதிவுகளின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது என்னை நிறுத்தி வைத்தது இந்த இடம்தான். தரம் என்று எதைச் சொல்கிறோம்? மைக்கின் விலையையா? அதைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளையா?

2

அடுத்தவர் டீன் பெனடெட்டி. சாக்ஸபோன் வாசிப்பவர், சார்லி பார்க்கர் பைத்தியம். 1947 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹை-டி-ஹோ கிளப்பில் தட்டு வெட்டும் கருவியோடு உட்கார்ந்து பார்க்கரைப் பதிந்தார். அடுத்த வருடம் நியூயார்க் கிளப்புகளில், காகிதத்தின் மேல் காந்தப்பூச்சு போட்ட டேப்பில் பதிந்தார். தட்டும் டேப்பும் விலை அதிகம், நேரமும் குறைவு. அதனால் பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் கருவியை ஓடவிடுவார். பார்க்கர் முடித்ததும் நிறுத்திவிடுவார். அடுத்து வாசித்த பியானோக்காரர், டிரம்பெட்காரர் எல்லாம் போச்சு.

அந்தப் பதிவுகள் தொலைந்துவிட்டதாகவே ஜாஸ் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. பெனடெட்டி 1957இல் இறந்துபோனார். கடைசியில் அவர் சகோதரரிடமிருந்து கிடைத்து, 1990இல்தான் மொசைக் நிறுவனம் வெளியிட்டது. கேட்டால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஒரு பாட்டின் நடுவில் ஆரம்பித்து நடுவிலேயே அறுந்துபோகும். ஒரு இசைக்குழு வாசித்த இரவு அதில் இல்லை, ஒருவரின் பக்தி இருக்கிறது. ரசிகர் பதிவின் பலமும் பலவீனமும் இதுவே. யாரோ ஒருவர் எதைக் காதலித்தாரோ அது மட்டும் நமக்கு வந்து சேர்கிறது.

ஒருவர் காதில் இருந்து இதை ஒரு கூட்டத்தின் ஒழுங்காக மாற்றியவர்கள் கலிஃபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள்.

3

கிரேட்ஃபுல் டெட் 1965இல் தொடங்கிய ராக் குழு. 1995 ஆகஸ்டில் கிட்டார் வாசித்த ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை 2,300 கச்சேரிகளுக்கு மேல் செய்தார்கள். இவர்களின் ஸ்டூடியோ ஆல்பங்களை வைத்து இவர்களை எடைபோட முடியாது. ஒவ்வொரு இரவும் பாட்டு வரிசை மாறும். நேற்று ஐந்து நிமிடத்தில் முடிந்த பாட்டு இன்று இருபது நிமிடம் போகும். நம்ம ஊர் கச்சேரி கேட்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வித்வான் ஒரே ராகத்தை இரண்டு நாள் பாடினால் இரண்டும் ஒன்றா?

அப்படியென்றால் நேற்றைய கச்சேரி எங்கே இருக்கிறது? யாராவது பதிந்திருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. 1970களின் தொடக்கத்திலேயே ரசிகர்கள் ரெக்கார்டரோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். குழு பெரிதாகத் தடுக்கவில்லை. அதற்கு ஒரு பின்கதையும் உண்டு. கார்சியாவே இளவயதில், 1964இல், நண்பரோடு காரில் கிளம்பி ஊர் ஊராகப் போய் ப்ளூகிராஸ் கச்சேரிகளைப் பதிந்து வந்தவர். வாசித்து முடித்த பிறகு அது கேட்டவர்களுக்குச் சேர்ந்தது என்பதுதான் அவருடைய நிலைப்பாடு.

இந்தப் பதிவாளர்களுக்கு 'டேப்பர்' என்று பெயர். ஒரு டேப்பரின் இரவைக் கற்பனை செய்து பாருங்கள். தோளில் கனமான சோனி கேசட் ரெக்கார்டர், பை நிறைய பேட்டரி, ஆறேழு அடிக்கு மேல் உயரும் ஸ்டாண்ட், அதன் உச்சியில் இரண்டு மைக். பலர் பயன்படுத்திய ஒரு அமைப்பு பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்தது: இரண்டு மைக்குகளுக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், கோணம் 110 டிகிரி. கிட்டத்தட்ட மனிதக் காதுகளின் இடைவெளி. கேசட் 90 நிமிடம் ஓடக்கூடியது, ஒரு பக்கம் 45. ஒரு நீண்ட வாசிப்பின் உச்சத்தில் பக்கம் தீர்ந்தால் கதை முடிந்தது. அதனால் காது இசையில் இருந்தாலும் கண் கடிகாரத்தில் இருக்கும். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு மூச்சு இடைவெளி கிடைத்தால் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது சும்மா இருப்பது. பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தாலும் நம் மூளை அதை ஒதுக்கிவிட்டு மேடையைக் கேட்கும். மைக்குக்கு அந்தப் புத்தி கிடையாது. இரண்டடி தூரத்துக் கைதட்டல் அதற்கு நூறடி தூரத்து கிட்டாரைவிடப் பெரிசு. ஆகவே டேப்பர் கைதட்டக் கூடாது, கூடப் பாடக் கூடாது, விசில் அடிக்கக் கூடாது. உயிரைக் கொடுத்து நேசிக்கிற குழு உச்சத்தில் வாசிக்கும்போது மரம் மாதிரி நிற்க வேண்டும். பக்கத்தில் ஆடுகிறவர்களையும் 'உஷ்' என்று அடக்குவார்கள். சண்டை வரும். காசு கொடுத்து ஆட வந்தவன் உன் கேசட்டுக்காக ஏன் வாயை மூட வேண்டும்? நியாயமான கேள்விதான்.

1980களில் மைக் ஸ்டாண்டுகள் காடு மாதிரி ஆகிவிட்டன. குழுவின் சவுண்ட் இன்ஜினியர் டான் ஹீலிக்கு மேடையே மறைந்தது. தடை போட்டிருக்கலாம். 1984 அக்டோபரில், பெர்க்லியில் நடந்த கச்சேரிகளில், அவர்கள் வேறொன்று செய்தார்கள். மிக்ஸருக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்று தனிப் பகுதி, தனி டிக்கெட். சிஸ்டம் டிசைன் செய்கிறவர்களுக்கு இதன் அழகு புரியும்: நிறுத்த முடியாத டிராஃபிக்குக்குத் தனிப் பாதை.

வேடிக்கை என்னவென்றால், மிக்ஸருக்குப் பின்னால் ஒலி கொஞ்சம் சுமார். முன்னால்தான் நன்றாக இருக்கும். எனவே அனுமதி கிடைத்த பிறகும் சிலர் தொப்பிக்குள் மைக்கை ஒளித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார்கள்.

4

பதிவதோடு வேலை முடியவில்லை, பாதி வேலை பிரதி எடுப்பதில் இருந்தது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், கூர்மை குறையும். ஐந்தாவது தலைமுறைப் பிரதியில் இசை போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். எனவே கேசட் அட்டையில் தேதி, ஊர், பாட்டு வரிசையோடு, இது எத்தனையாவது பிரதி என்பதையும் எழுதினார்கள். ஒருவர் பத்துப் பேருக்கு, அந்தப் பத்துப் பேர் ஆளுக்குப் பத்துப் பேருக்கு என்று கிளைவிட்டுப் பிரதி எடுத்தால் யாருக்கும் மோசமான பிரதி போகாது. இதற்கு 'மரம்' என்றே பெயர். புதிதாக வந்தவன் காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும். விற்பது மட்டும் கூடாது. அது எழுதப்படாத சட்டம், ஆனால் எழுதிய சட்டங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது.

1980களின் இறுதியில் டேட் எனும் டிஜிட்டல் டேப் வந்தது. நகலால் தேய்வது நின்றது. 1998இல் 'இ-ட்ரீ' என்ற ரசிகர் அமைப்பு இதையெல்லாம் இணையத்துக்குக் கொண்டுவந்தது. அவர்கள் எம்பி3ஐ ஏற்கவில்லை, அதில் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதால். இழப்பில்லாமல் சுருக்கும் ஷார்ட்டன், பிறகு ஃப்ளாக் கோப்புகள். ஒவ்வொன்றோடும் எம்டி5 சரிபார்ப்பு எண். கூடவே ஒரு டெக்ஸ்ட் கோப்பு: எந்த மைக், எந்த ரெக்கார்டர், எங்கே நின்றது, கணினிக்கு எப்படி மாற்றியது. கோட் எழுதிப் பிழைக்கிற எனக்கு முதல்முறை அந்த டெக்ஸ்ட் கோப்புகளைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் எழுதாத ஆவணங்களை இவர்கள் சும்மா எழுதி வைத்திருக்கிறார்கள்.

2002இல் இ-ட்ரீயும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து நேரடி இசைக் களஞ்சியத்தைத் தொடங்கின. கிரேட்ஃபுல் டெட் பதிவுகள் மட்டும் இன்று அங்கே பத்தாயிரத்துக்கும் மேல். யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அனுமதி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு மைக் மில்லார்டின் கதை. 1970களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் லெட் செப்பலின் போன்ற குழுக்களைப் பதிந்தவர். செப்பலின் மேலாளர் பீட்டர் கிராண்ட், திருட்டுப் பதிவுக்காரர்கள் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டார். எனவே மில்லார்ட் நகாமிச்சி ரெக்கார்டரைச் சக்கர நாற்காலியில் ஒளித்து, நடக்க முடியாதவர் போல அரங்கத்துக்குள் போனார். 1977 ஜூன் 21 அன்று ஃபோரம் அரங்கில் அவர் பதிந்தது, ரசிகர் பதிவுகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. அவர் விற்கவில்லை. ஆனால் வேறு யாரோ அதைத் தட்டாக அடித்து விற்றார்கள். அவர் பிரதிகளில் ரகசிய அடையாளம் வைத்து யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்க முயன்றார். 1994இல் இறந்துபோனார். மூல டேப்புகளை அழித்துவிட்டார் என்றே பல வருடங்கள் நம்பப்பட்டது. அவை பிழைத்திருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. காதல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒரு இடத்தில் அது பொது நூலகமாயிற்று, இன்னொரு இடத்தில் சந்தேகமாயிற்று.

5

உரிமை யாருக்கு என்ற கேள்வி டெட் உலகத்திலும் வெடித்தது. 2005 நவம்பரில், குழுவின் தரப்பு கேட்டுக்கொண்டபடி, களஞ்சியத்தில் பதிவிறக்கம் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஃபில் லெஷே இதில் தனக்கு உடன்பாடில்லை என்றார். ஆனால் குழுவின் பக்கத்தையும் பார்க்கணும். கார்சியா இறந்த பிறகு பழைய மாதிரி ஊர் ஊராகக் கச்சேரி இல்லை. மிச்சமிருந்த சொத்து பழைய பதிவுகள்தான்.

சில நாட்களில் சமரசம் வந்தது. ரசிகர் தன் மைக்கால் கூட்டத்துக்குள் நின்று பதிந்தது பதிவிறக்கத்துக்குத் திரும்பியது. மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த பதிவுகளை அங்கேயே கேட்கலாம், இறக்க முடியாது. எனக்கு இது நல்ல தீர்ப்பாகப் படுகிறது. உன் கையால் பிடித்த காற்று உனக்கு, என் கம்பி வழியாக வந்தது எனக்கு.

வீடியோவில் இந்தப் பாடம் தாமதமாக வந்தது. 2004இல் பீஸ்டி பாய்ஸ் குழு மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரசிகர்களிடம் 50 கேமராக்களைக் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னது. 2009 ஆகஸ்ட் 23 அன்று ப்ராகில் ரேடியோஹெட் கச்சேரியில் ரசிகர்கள் தாங்களே பேசிவைத்துக்கொண்டு சுமார் 50 பேர் வெவ்வேறு மூலைகளில் நின்று படமெடுத்தார்கள். அதைத் தொகுக்கிறார்கள் என்று தெரிந்ததும் குழு தன் ஒலிப்பதிவையே கொடுத்தது. 2010இல் முழுக் கச்சேரியும் இலவசமாக வெளியானது.

இன்று ஒவ்வொரு கச்சேரியிலும் ஆயிரம் போன்கள் மேலே எழுகின்றன. பெரும்பாலும் முப்பது நொடித் துண்டுகள், படமெடுப்பவரே கூடப் பாடுகிற சத்தம். ஒலி ஏறினால் போன் தானாகவே அதை அமுக்கிவிடும், பேஸ் உடைந்துபோகும். கருவி மேப்பிள்சனுடையதைவிட ஆயிரம் மடங்கு மேல், ஆனால் அந்த இரவு எதிலும் முழுசாக இல்லை. அதனால் பதிய விரும்புகிறவர்களுக்கு டேப்பர்களிடமிருந்து சில விஷயங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். நம்ம சபாக்களில் 'பதிவு செய்யாதீர்கள்' என்று அறிவித்தால் அதை மதியுங்கள். சின்ன ரெக்கார்டர் போதும், ஆனால் உச்ச ஒலிக்கு மேலே 10, 12 டெசிபல் இடம் விடுங்கள். ஸ்பீக்கர்களுக்கு நேர் நடுவில், கூட்டத்தின் தலைக்கு மேலே மைக். ஆரம்பம் முதல் முடிவு வரை நிறுத்தாதீர்கள், பக்கவாத்தியக்காரரும் இருக்கட்டும். தேதி, இடம், வாசித்தவர்கள் பெயரைக் கோப்போடு எழுதி வையுங்கள். விற்காதீர்கள். நீங்கள் சும்மா இருங்கள்.

இந்த உலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் 1977 மே 8இல் தொடங்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால், மே மாதத்தில் வெளியே பனி பெய்த இரவு. மிக்ஸரிலிருந்து பதிந்தவர் குழுவின் பெட்டி கேன்டர்-ஜாக்சன். 1980களில் கிடங்கு வாடகை பாக்கியால் அவருடைய டேப்புகள் ஏலத்துக்குப் போய், ரசிகர்கள் கையில் பிழைத்து, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல் வரை வந்தது இந்தக் கச்சேரி. அதே இரவுக்கு ரசிகர் பதிவும் உண்டு. முதலில் மிக்ஸர் பதிவைக் கேளுங்கள், ஒவ்வொரு வாத்தியமும் துல்லியமாகத் தெரியும். பிறகு ரசிகர் பதிவு. ஒலி கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அந்தக் கூரையின் உயரம் தெரியும், கூட்டம் எங்கே மூச்சைப் பிடித்தது என்பது தெரியும். இரண்டையும் நல்ல ஹெட்போனில், ஒரே நாளில் கேளுங்கள்.