இளவர் உடன்படிக்கை (இந்தியா)

இளவர் உடன்படிக்கை என்பது 18 வயது நிறைவடையாத ஒருவர், அதாவது வழக்கில் மைனர் எனப்படுபவர், செய்துகொள்ளும் உடன்படிக்கை ஆகும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன்படி சட்டத்தால் செயற்படுத்தத்தக்க உடன்படிக்கையே ஒப்பந்தம் எனப்படும். ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையோருள் இளவரை அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு சேர்க்கவில்லை. ஆனால் அவர் செய்த உடன்படிக்கை தொடக்கம் முதலே செல்லாததா, அல்லது அவர் விரும்பினால் மட்டும் விலக்கத்தக்கதா என்பதை அப்பிரிவு வெளிப்படையாகக் கூறவில்லை.

இந்த ஐயத்தை 1903 இல் இலண்டன் பிரிவி கவுன்சில், மோகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் தீர்த்தது. கல்கத்தாவைச் சேர்ந்த கோஷ், 1895 இல் இளவராக இருந்தபோது தம் சொத்தை 20,000 ரூபாய்க் கடனுக்கு ஈடாக அடமானம் வைத்தார். அவர் இளவர் என்பது கடன் கொடுத்தவரின் முகவருக்குத் தெரிந்திருந்தது. அடமானம் தொடக்கம் முதலே செல்லாது என முடிவானது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும் ஆணையிடப்படவில்லை. கடன் கொடுத்தவருக்கு இது கடுமையான விதியே.

வயது வந்தபின் பழைய உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்வதும் செல்லாது. எனினும் உணவு, உடை போன்று வாழ்நிலைக்கேற்ற தேவைகளை இளவருக்கு வழங்கியவர், 68ஆம் பிரிவின்படி அவரது சொத்திலிருந்து ஈடு பெறலாம். சொத்து இல்லையெனில் இளவர் நேரடிப் பொறுப்பாளர் ஆகமாட்டார்.