செம்மணியும் மன்னிப்பும்

அரசின் குற்றத்தை உள்ளிருந்து அறிந்தவன் பெரும்பாலும் அதிற் பங்குகொண்டவனே. 1996 செப்டெம்பரில் செம்மணிக் காவலரணில் மாணவி கிருஷாந்தியும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 ஜூலையில் மரண தண்டனை பெற்ற லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ, அங்கே இன்னும் 300, 400 பேர் புதைக்கப்பட்டுள்ளனர் என மன்றிலே கூறினான். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15 உடல்கள். விசாரணை அத்துடன் உறங்கிற்று. 2025இல் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சர்வதேச விசாரணையாயின் அவன் சாட்சி சொல்வான் என அவன் மனைவி சனாதிபதிக்கு எழுதினார்.

அச்சொல்லுக்கு விலை கொடுக்கலாமா? கீழ்ப்படியில் நின்றவனுக்குக் கொடுத்தாலன்றி, ஆணையிட்டவனை எட்ட வழியில்லை என்பதே நம் எண்ணம். 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், முழு உண்மையையும் வெளியிடும் உடந்தையாளிக்கு நிபந்தனையுடன் மன்னிப்பளிக்கும் அதிகாரத்தைச் சட்டமா அதிபருக்குத் தருகின்றது. அவரோ அரசின் வழக்கறிஞர்! தென்னாபிரிக்கா 1995இல் அவ்வதிகாரத்தைத் தனிக் குழுவொன்றிடம் ஒப்படைத்தது. விண்ணப்பித்த 7,000க்கு மேற்பட்டோருட் பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர்.

அக்கராயனில் நம்மிடம் கற்கும் பிள்ளைகளின் அம்மம்மாமார் 2010இலும் 2014இலும் கிளிநொச்சியில் ஆணைக்குழுக்களின் முன்னே நின்று, காணாமலாக்கப்பட்ட மக்களின் பெயர்களைச் சொன்னார்கள். உடந்தையாளியை மன்னிக்கும் சட்டம் அப்போதே இருந்தது. சாட்சியைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டதோ 2015இலேதான்.