வாளையார் கணவாயும் வாசவதத்தை கதையும்

விஜயமங்கலத்துக்கும் வாளையாருக்கும் ஒரே சாலைதான். சேலத்திலிருந்து கொச்சி போகும் 544-ஆம் எண் நெடுஞ்சாலை. வியாபார நிமித்தம் அதில் பல வருஷம் போய் வந்தவன் நான். 2017-இல் ஜி.எஸ்.டி. வருமுன் சரக்கு லாரி எதுவும் வாளையார் சோதனைச் சாவடியில் பில்லைக் காட்டித்தான் நகர வேண்டும். அப்படிக் காத்திருந்த வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நான் படித்த நூல் 'பெருங்கதை'.

அதை இயற்றிய கொங்குவேளிர் சமணர். விஜயமங்கலத்துக்காரர் என்பது மரபு. அவ்வூரில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இருக்கிறது. வாளையாரைத் தாண்டிப் பாலக்காடு போனால் ஜைனமேட்டிலும் அதே தீர்த்தங்கரருக்கு ஒரு கோயில். கணவாயின் இரு பக்கமும் எங்கள் சமயம் வேர்விட்ட பூமி இது.

கதை புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்து அரசர்களைப் பற்றியது. கௌசாம்பி மன்னன் உதயணன் யாழ் மீட்டி யானையை வசப்படுத்துவான். உஞ்சை, அதாவது உஜ்ஜயினி மன்னன் பிரச்சோதனன், பொய் யானை ஒன்றைச் செய்து காட்டில் நிறுத்தி அவனைச் சிறைபிடித்தான். சிறைப்பட்டவனே இளவரசி வாசவதத்தைக்கு யாழாசிரியன் ஆனான். பகையரசன் மகளோடு காதல்! அமைச்சன் யூகியின் சூழ்ச்சியால் இருவரும் பத்திராபதி என்ற பெண்யானை மேலேறித் தப்பினார்கள்.

உ.வே.சாமிநாதையர் 1924-இல் பெருங்கதையைப் பதிப்பித்தபோது ஏட்டில் முற்பகுதியும் இல்லை, கடைசிப் பகுதியும் இல்லை. உதயணன் பொய் யானையிடம் ஏமாந்து பிடிபட்ட இடம், தொலைந்துபோன அந்த முற்பகுதியில்தான் இருந்தது. பின்னால் எழுந்த 'உதயண குமார காவியம்' என்ற சிறுநூலில் அக்கதை சுருக்கமாக உண்டு. ஆனால் கொங்குவேளிர் அதை எப்படிப் பாடினார் என்று இனி யாரும் அறிய முடியாது. வணிகன் கணக்கில் இது வராத கடன்.

இதே சம்பவத்தைக் கேரளம் நாடகமாகக் காப்பாற்றி வைத்திருந்தது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்த த.கணபதி சாஸ்திரியார், பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரையில் மலையாள எழுத்தில் இருந்த ஓலைச்சுவடிகளைக் கண்டெடுத்து, 1912 முதல் திருவனந்தபுரத்தில் பாசனின் நாடகங்கள் என்று அச்சிட்டார். எல்லாமே பாசன் எழுதியவைதானா என்ற வாதம் இன்றும் உண்டு. அவற்றில் ஒன்று 'பிரதிஜ்ஞா யௌகந்தராயணம்'. நம் யூகிதான் யௌகந்தராயணன். பொய் யானைச் சூழ்ச்சி அதன் முதல் அங்கத்திலேயே வருகிறது. வேடிக்கை என்னவென்றால், காதலர் இருவரும் மேடைக்கே வருவதில்லை! பிறர் வாய்மொழியாகத்தான் அவர்கள் காதலை நாம் அறிகிறோம். அரசனை மீட்பேன் என்று சபதம் செய்த அமைச்சன் பித்தன் வேஷத்தில் அலைகிறான். எல்லா ஏற்பாடும் ஆன பிறகு, அவள் இல்லாமல் வரமாட்டேன் என்கிறான் உதயணன். அமைச்சன் பாடு எப்படியிருக்கும், நினைச்சுப் பாருங்க!

இந்த மூன்றாம் அங்கம் 'மந்திராங்கம்' என்ற பெயரில் கூடியாட்டத்தில் சாக்கியார்கள் வழிவழியாக ஆடி வந்தது. கூடியாட்டத்தை 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

நாடகத்தின் முடிவில், பெண்ணைப் பறிகொடுத்து உயிர்விடத் துணிந்த ராணியைத் தேற்றி, காதலரின் சித்திரங்களை வைத்துத் திருமணம் நடத்துகிறான் அரசன். எங்கள் சமண வழியில் கதை அங்கே நிற்பதில்லை. 'உதயண குமார காவியம்' துறவுக் காண்டம் வரை போகிறது. ஆசையை அனுபவித்தவன் கடைசியில் அதை விடுவதையும் சொன்னால்தான் எங்கள் முன்னோருக்குக் கதை முடியும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறபோதுதான் எனக்கு உதயணன் முழுசாகத் தெரிகிறான்.

கேரளத்தில் குடியேறிய நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிப்பதால் தமிழ் போய்விடுமே என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் கூடியாட்டம் நடக்கும் இடத்துக்கு அவர்களை ஒருமுறை கூட்டிப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் பெருங்கதையை எடுத்து, மிச்சமிருக்கும் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். நாம் தொலைத்ததை அயல்வீட்டார் வைத்திருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும். அயலாருக்குச் சொல்ல நம்மிடமும் ஒன்று இருக்கிறது என்பதும் தெரியட்டும்.