பட்டுப்புழுவும் பழ ஈயும்

தொற்று நோய்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பாஸ்டரிடமிருந்தோ காக்கிடமிருந்தோ கதையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் மற்றோர் உயிருக்குள் புகுந்து நோயை விளைவிக்கிறது என்பதைப் பரீட்சை செய்து நிரூபித்த காலத்திலும், அந்த அந்நியனைச் சரீரத்தின் அணுக்கள் வளைத்து விழுங்குவதை ஒருவர் பிரத்தியட்சமாகக் கண்டு எழுதிய காலத்திலும், அப்போரின்போது அணுவுக்குள் உறங்கிக் கிடக்கும் மரபணுக்கள் எந்த வழியாக எழுப்பப்படுகின்றன என்ற ரகசியம் வெளிப்பட்ட காலத்திலும், ஆராய்ச்சியாளரின் கண்முன் இருந்தது பாக்டீரியா அன்று, பூஞ்சை. இந்த உண்மைக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்ற வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வட இத்தாலியில் லோடி நகரத்துக்கு அருகே 1773-ல் பிறந்த அகோஸ்தினோ பாஸி, பாவியா சர்வகலாசாலையில் சட்டம் பயின்றவர். எனினும் அவருடைய மனம் விவசாயத்திலும் இயற்கை சாஸ்திரத்திலுமே ஊன்றியிருந்தது. அக்காலத்தில் இத்தாலியிலும் பிரான்சிலும் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் குடியைக் கெடுத்த கொள்ளை நோய் ஒன்று உண்டு. இலையைத் தின்று கொழுத்திருந்த புழு திடீரெனச் சோர்ந்து மடியும். மடிந்தபின் உடல் விறைத்து, சுண்ணாம்புக் கட்டியைப் போல் இறுகி, மேலெல்லாம் வெண்மையான மாவு பூத்துவிடும். காற்றின் கோளாறு என்றும், இலையின் தோஷம் என்றும், புழுவுக்குள் தானாகவே பிறக்கும் வியாதி என்றும் பண்டிதர்கள் பலவாறு வாதித்தார்கள். 1807-ல் ஆராய்ச்சியைத் தொடங்கிய பாஸியும் முதலில் இந்தக் கடைசி நம்பிக்கையோடுதான் தொடங்கினார். நஞ்சுகளைப் புகட்டியும் வேறு பல வகைகளில் வதைத்தும் நோயைப் புழுவுக்குள் செயற்கையாக உண்டாக்க அவர் செய்த முயற்சிகள் யாவும் வீணாயின. மனமொடிந்து ஒருமுறை கைவிட்ட வேலையை மீண்டும் எடுத்த பிறகே, செத்த புழுவின்மேல் பூக்கும் அந்த வெண்மாவுதான் நோயின் வித்து என்பதும், அதில் அணுவளவை ஊசி முனையால் நல்ல புழுவுக்குள் செலுத்தினாலே போதும் என்பதும் அவருக்குப் புலப்பட்டன. 1835-ல் அவர் நூலை வெளியிட்டபோது, காக்கின் புகழ்பெற்ற காசநோய் ஆராய்ச்சிக்கு இன்னும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருந்தது. நுணுக்குக்காட்டியில் இடைவிடாது உழைத்த அவருடைய கண்பார்வையோ மங்கிப் போயிற்று. அந்தப் பூஞ்சை இன்று அவர் பெயராலேயே பிவேரியா பேசியானா என்று வழங்குகிறது. பயிரைத் தின்னும் பூச்சிகளை அழிக்க நம் உழவர்கள் கடையில் வாங்கித் தெளிக்கும் உயிரிப் பூச்சிக்கொல்லியும் இதுவே.

புழு ஏன் சாகிறது என்பதைப் பாஸி காட்டினார். சில பிராணிகள் ஏன் சாகாமல் தப்புகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் ருஷ்ய விலங்கியலார் இலியா மெச்னிகாவ். 1882-ல் மெஸ்ஸினாவில் கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளைச் செருகி, நகரும் அணுக்கள் அதைச் சூழ்வதைக் கண்ட சம்பவம் எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. ஆனால் முள் ஒரு ஜடப்பொருள். உண்மையான நோயில் உண்மையான எதிரியை அவர் கண்டது 1884-ல் பிரசுரித்த ஆராய்ச்சியில்தான். குளத்து நீரில் துள்ளித் திரியும் டாஃப்னியா என்னும் மிகச் சிறிய ஜந்துவின் மேலோடு ஒளி ஊடுருவும் தன்மையுடையது. ஆகையால், அதை அறுக்காமலே உள்ளே நடப்பதையெல்லாம் நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். உணவோடு சேர்ந்து குடலுக்குள் சென்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் ஊசி போன்ற வித்துகள் குடற்சுவரைத் துளைத்து வெளிவருவதையும், வெளிவந்த முனையை வெள்ளை அணுக்கள் வந்து பற்றுவதையும், பற்றிய இடத்தில் வித்து மெல்ல உருக்குலைந்து பழுப்பு நிறத் துகள்களாகச் சிதைவதையும் அவர் மணிக்கணக்காகக் கண்டார். அணுக்களின் பிடிக்குத் தப்பிய வித்து ஒன்று முளைத்துப் பெருகிவிட்டாலோ அந்த ஜந்துவின் முடிவு நிச்சயம். நோய் என்பது இரண்டு உயிர்களுக்கு இடையே நடக்கும் யுத்தம் என்ற சித்தாந்தம் இங்கேதான் உருப்பெற்றது. 1908-ல் நோபெல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

யுத்தத்தைக் கண்டாயிற்று, அதற்கான கட்டளை எங்கிருந்து பிறக்கிறது? ஓர் அணுவுக்குள் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருப்பினும், எந்த வேளையிலும் அவற்றுள் ஒரு பகுதியே பேசுகின்றன, மற்றவை மௌனமாயிருக்கின்றன. பூஞ்சை வந்து தொட்டதும் மௌனமாயிருந்தவை பேசத் தொடங்குவதையே மரபணு வெளிப்பாடு மாறுகிறது என்கிறோம். இதை அறிய வேண்டுமானால் மரபணுவிலிருந்து பிரதியாகும் ஆர்.என்.ஏ.வைப் பிடித்து அளந்தாக வேண்டும். அந்த வித்தை மெச்னிகாவின் காலத்தில் எவர் கையிலும் இல்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஜூல் ஹாஃப்மனும் அவருடைய கூட்டாளிகளும் அந்த வித்தையைப் பழ ஈயின்மேல் பிரயோகித்தார்கள். பூஞ்சையைக் கொல்லும் டிரோசோமைசின் என்னும் புரதத்தை 1994-ல் ஈயிலிருந்து பிரித்தெடுத்த அவர்கள், அதன் மரபணு எப்போது விழிக்கிறது என்று தேடினார்கள். ஈக்களை ஊசியால் குத்தித் தொற்று உண்டாக்கி, அவற்றின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, கதிரியக்கமூட்டிய துணுக்கால் தடவிப் படச்சுருளில் பதித்தால், மரபணு பேசிய இடத்தில் கரும்பட்டை ஒன்று தோன்றும்; பேசாத இடம் வெறுமையாயிருக்கும். டால் என்னும் மரபணு பழுதுபட்ட ஈக்களில் அந்தக் கரும்பட்டை மிகவும் வெளிறிப் போயிருந்தது. டாலோ, கரு முட்டைக்குள் முதுகும் வயிறும் எப்பக்கம் அமையவேண்டும் என்று நிர்ணயிக்கும் மரபணுவாக ஜெர்மானிய விஞ்ஞானி கிறிஸ்டியானெ நுஸ்லைன்-ஃபோல்ஹார்டின் ஆராய்ச்சியால் முன்னரே பெயர் பெற்றது. கருவை வடிவமைத்த அதே கருவி, வளர்ந்த ஈக்குள் காவல் வேலை பார்க்கிறது என்பதை யார் எதிர்பார்த்திருக்க முடியும்! ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை தொற்றியதும் டால் பழுதுபட்ட ஈக்கள் சில நாட்களில் மடிந்தன. மடிந்த ஈ ஒன்றின் உடலைப் பிளந்துகொண்டு பூஞ்சை இழைகள் காடுபோல் வளர்ந்திருந்த படம் உலகெங்கும் பரவியது. வேறு ஒரு மரபணு பழுதான ஈக்களோ, பாக்டீரியாவுக்கு இரையாயினவே ஒழியப் பூஞ்சைக்குத் தப்பின. 1996-ல் இம்முடிவுகளை வெளியிட்ட மறுவருஷமே அதே குழுவினர், மயக்கிய ஈக்களைப் பிவேரியா பேசியானா படர்ந்த தட்டில் உருட்டி எடுத்து, ஊசியின் உதவியின்றியே தொற்றச் செய்து பார்த்தார்கள்; ஈயின் உடல் பூஞ்சைக்கு எதிரான மரபணுக்களை மாத்திரமே தேர்ந்து எழுப்பியது. லோடி நகரத்துப் புழுக்களைச் சுண்ணாம்பாக்கிய அதே பூஞ்சை, தன் எதிரி எவன் என்று பூச்சியின் உடல் பகுத்தறிகிறது என்பதற்கும் சாட்சியாயிற்று. 2011-ல் ஹாஃப்மன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மனிதரின் அணுக்களில் இக்கதை இன்னும் நுட்பமானது. பூஞ்சையின் சுவரில் பீட்டா குளூக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலி உண்டு. நம் உடல் அதைத் தயாரிப்பதில்லை. அதை உணரும் டெக்டின்-1 என்ற ஏற்பியை 2001-ல் கார்டன் பிரவுனும் சைமன் கார்டனும் ஆக்ஸ்போர்டில் அடையாளம் கண்டார்கள். ஏற்பியின் செய்தி ஸிக், கார்டு-9 என்னும் புரதங்கள் வழியே உட்கருவை அடைய, சில மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாடு மாறுகிறது. கான்டிடா பூஞ்சையோ இதற்குத் தானும் தயாராகவே வருகிறது: பீட்டா குளூக்கன்மேல் மானான் என்னும் வேறொரு சர்க்கரைப் படலத்தைப் போர்த்துத் தன்னை ஒளித்துக்கொள்கிறது, வெள்ளை அணு விழுங்கிய பிறகும், குளுக்கோஸ் கிட்டாத அந்தச் சிறைக்குள் வேறு உணவைக்கொண்டு பிழைக்கத் தேவையான தன் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இரு தரப்பிலும் மரபணுக்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போகின்றன. 2009-ல் டெக்டின்-1 பழுதான டச்சுக் குடும்பம் ஒன்றும், கார்டு-9 பழுதான ஈரானியக் குடும்பம் ஒன்றும் ஓயாத பூஞ்சைத் தொற்றால் வருந்துவது கண்டறியப்பட்டபோது, ஆய்வுக்கூடத்தின் அனுமானம் மனித வாழ்வில் நிச்சயமாயிற்று.

கான்டிடாவை ஒருமுறை சந்தித்த வெள்ளை அணு அதை மறப்பதில்லை என்பதற்கு இத்தாலியின் பெரூஜியாவில் 1986-லேயே தடயம் கிடைத்திருந்தது. வீரியம் குன்றிய கான்டிடாவைப் பெற்ற எலிகள் கொடிய கான்டிடாவுக்கும் தாக்குப்பிடித்தன. 2012-ல் நெதர்லாந்தின் நைமேகனில் மிஹாய் நெட்டேயாவின் குழுவினர் அதன் காரணத்தைக் காட்டினார்கள். டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் பதியும் ரசாயனக் குறிகள் மாறிவிடுவதால், அடுத்த முறை அந்த மரபணுக்கள் விரைந்து விழிக்கின்றன.

2021-ல் நம் நாட்டில் கரும்பூஞ்சை 40,000 பேருக்கு மேற்பட்டோரைத் தாக்கியதையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே காணவேண்டும். கோவிட் நோயாளியின் நுரையீரலைக் காத்த ஸ்டீராய்டு, அணுவின் உட்கருவில் புகுந்து வீக்கத்தை உண்டாக்கும் மரபணுக்களை அடக்குவதாலேயே பலன் தந்தது. பூஞ்சையை எதிர்க்க எழவேண்டிய மரபணுக்களில் பலவும் அவற்றைச் சேர்ந்தவையே. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் கூடியபோது, சாதாரணமாக நாம் சுவாசித்து வெளியேற்றும் மண்ணின் பூஞ்சை கண்ணையும் மூளையையும் பற்றியது. எந்த மரபணுவை எவ்வளவு காலம் அடக்கலாம், எதை அடக்காமல் விடவேண்டும் என்று தேர்ந்து செய்யும் மருந்து மருத்துவர் கையில் அப்போது இல்லை. அதைத் தேடுகிறவர்கள் இன்றும் வெள்ளை அணுக்களையும் பூஞ்சையையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்து வைத்து, இரண்டின் ஆர்.என்.ஏ.வையும் ஒருங்கே அளந்துகொண்டிருக்கிறார்கள்.