இரண்டு கழிவுகள்

அரசு பணம் கொடுப்பது ஒரு வழி. வாங்க வேண்டியதை வாங்காமல் விடுவது இன்னொன்று. இதில் சத்தமே வராது. அமெரிக்க வரிச் சட்டத்தின் 48சி பிரிவு இரண்டாவது ரகம்.

2009 நெருக்கடியில், காற்றாலை, சூரியத் தகடு போன்றவை செய்யும் ஆலைகளுக்காக 230 கோடி டாலர் வரிக்கழிவோடு அது வந்தது. 2022இல் 1000 கோடி கூடியது; லித்தியம் போன்ற முக்கியக் கனிமங்களைச் சுத்திகரிப்பதும் மறுசுழற்சியும் அப்போதுதான் உள்ளே வந்தன.

ஏன்? கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிய மண் தனிமங்கள் கொடுத்த சுரங்கம். 1990களில் கழிவுநீர்க் குழாய் உடைந்து, கதிரியக்கம் கலந்த நீர் பாலைவனத்தில் கொட்டியது. சீனச் சரக்கின் மலிவு விலையும் சேர, 2002இல் மூடிட்டாங்க. அழுக்கு வேலை சீனாவுக்குப் போச்சு. கூடவே பிடியும் போச்சு. அந்தப் பிடியை மீட்கத்தான் இந்தச் சலுகை.

விண்ணப்பித்தவர் எரிசக்தித் துறைக்கு முதலில் திட்டச் சுருக்கம், பிறகு முழு விண்ணப்பம் தர வேண்டியிருந்தது. துறை பரிந்துரைத்தது, வருமான வரித்துறை ஒதுக்கியது. முதலீட்டில் 30 சதவீதம் வரியில் கழியும். ஆனால் ஆலை கட்டுபவர்களுக்கு வட்டாரத்தில் நிலவும் கூலி தரணும், தொழில் பழகுநர்களையும் சேர்க்கணும். இல்லையென்றால் 6 சதவீதம்தான். இந்தக் கூலி விதியின் வேர் 1931இன் டேவிஸ்–பேக்கன் சட்டம்.

2025 ஜனவரிக்குள் 1000 கோடியும் ஒதுக்கியாச்சு. யாராவது இழந்தால் அந்தத் தொகையை மறுபடி பங்கிடக் கூடாதென்று அதே ஜூலையில் சட்டம் வந்தது.

கூலி கொடுத்தால் சதவீதம் ஏறுகிறது. ஆலைக்கழிவு கொட்டினால் இறங்குவதில்லை. மவுண்டன் பாஸ் பாடத்தில் பாதியைத்தான் சட்டம் படிச்சிருக்கு.